திருநெல்வேலியிலிருந்து செம், டெம் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: முதல் சாம்பிளை அனுப்பும் முன்

ஆவாரம்பூச் சாறு ஊற்றி ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்தத் துகளை ஒரு உருப்படியான டெம் படமாகக் கையில் வாங்கப் பதினான்கு மாதம் ஆனது. (செம் என்பது ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி, டெம் என்பது டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் நுண்ணோக்கி.) எங்கே அனுப்புவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது, எவ்வளவு கட்டுவது, பொடியை எப்படிக் கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்திலும் இப்போது எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டோ பிஹெச்.டி.யோ தொடங்குகிறவர்கள் அந்தப் பதினான்கு மாதத்தை இழக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

“செம், டெம் எடுக்கணும்” என்பது கேள்வியே இல்லை. துறையில் எல்லாரும் எடுக்கிறார்கள், ஆய்விதழ் கேட்கிறது, அதனால் நாமும் எடுக்கிறோம் என்றுதான் நானும் போனேன். கருவி முன்னால் உட்கார்ந்ததும் ஆபரேட்டர் “என்ன பார்க்கணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஒரு மணி நேர ஸ்லாட்டில் இருபது நிமிடம் அங்கேயே போய்விட்டது.

நோட்டில் இப்படி எழுதுங்கள்: “என் துகள் உருண்டையா, கம்பியா? சராசரி அளவு 50 நானோமீட்டருக்குக் கீழா? ஒவ்வொரு துகளும் ஒரே படிகமா, சிறு படிகங்கள் பல சேர்ந்ததா? மேலே பூசிய வெள்ளி எல்லா இடத்திலும் இருக்கிறதா?” இவற்றில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்தால், எந்தக் கருவி, எத்தனை படம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும். வழிகாட்டியிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

2. கேள்விக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள்

சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டர் அளவில் நின்றுவிடும். ஒளியின் அலைநீளம் அதற்குக் கீழே பிரித்துக் காட்ட விடாது. அதனால்தான் எலக்ட்ரானிடம் போகிறோம். 200 கிலோவோல்ட்டில் ஓடும் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர்தான்.

மேற்பரப்பும் வடிவமும் போதும் என்றால் செம். டங்ஸ்டன் இழை வைத்த சாதாரண செம்மில் 100 நானோமீட்டருக்கு மேற்பட்டவை நன்றாக விழும். அதற்குக் கீழே போகப் போகப் படம் குழையும். 20, 30 நானோமீட்டர் துகளைச் செம்மில் பார்க்க வேண்டும் என்றால் ஃபீல்டு எமிஷன் செம்தான் கேட்க வேண்டும். அது ஒரு நானோமீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டும். விண்ணப்பப் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். நான் முதல் தடவை விலை குறைவு என்று சாதாரண செம்முக்கு டிக் போட்டேன். வந்த படத்தில் இருந்தது கொத்துக் கொத்தாகக் காலிஃப்ளவர் மாதிரி ஒரு உருவம். துகள் ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை.

உள்ளே இருக்கும் படிக அமைப்பு, அணுத்தளங்களின் இடைவெளி, துகளின் உண்மையான அளவு வேண்டும் என்றால் டெம். எலக்ட்ரான் சாம்பிளைத் துளைத்துப் போக வேண்டும் என்பதால் தடிமன் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பொடி என்றால் பிரச்சினை இல்லை. கட்டியான பொருள் என்றால் அதை மெலிதாக்குவதே தனி வேலை, தனிச் செலவு.

கண்ணாடியில் பூசிய மென்படலம், அதன் சொரசொரப்பு, உயரம் இவைதான் வேண்டும் என்றால் ஏஎஃப்எம், அதாவது நுண்ணூசியால் மேற்பரப்பைத் தடவிப் படமாக்கும் அணு விசை நுண்ணோக்கி. ஒரு எச்சரிக்கை: ஏஎஃப்எம் ஊசியின் முனையே பத்து நானோமீட்டர் அளவுக்கு மொழுக்கையாக இருக்கும். அதனால் படத்தில் துகளின் அகலம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். துகள் அளவை அகலத்தில் எடுக்காதீர்கள், உயரத்தில் எடுங்கள். துகளைப் புதிதாக உரித்த மைக்கா தகட்டில் போட்டுக் கொண்டுபோங்கள். சாதாரணக் கண்ணாடியின் மேடுபள்ளத்தில் உங்கள் துகள் காணாமல் போய்விடும்.

3. புது வகைக் கருவிகள் எப்போது வேண்டும்

கருத்தரங்குகளில் பெரிய படங்களைப் பார்த்துவிட்டு நமக்கும் அதுதான் வேண்டும் என்று தோன்றும். பெரும்பாலும் வேண்டாம். ஆனால் சில கேள்விகளுக்கு வேறு வழி கிடையாது. அப்போது கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குறைந்த மின்னழுத்த ஃபீல்டு எமிஷன் செம்: 1 அல்லது 2 கிலோவோல்ட்டில் வேலை செய்யும். மின்கடத்தாத பொருளைக்கூடத் தங்கப்பூச்சு இல்லாமல் பார்க்க முடிவது இதனால்தான். பாலிமர், செல்லுலோஸ், பனை நாரில் செய்த கார்பன் போன்றவற்றுக்கு மிகவும் உதவும். படிவத்தின் குறிப்பு இடத்தில் “குறைந்த கிலோவோல்ட், பூச்சு வேண்டாம்” என்று நாமாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் வழக்கப்படி தங்கம் பூசிவிடுவார்கள்.

ஸ்டெம், ஹாடிஃப்: டெம்மிலேயே கற்றையைக் குவித்துச் சாம்பிள் மேல் வரிவரியாக ஓட்டிப் படமெடுப்பது ஸ்டெம். அதில் அணு எண் கூடக் கூட வெளிச்சமாகத் தெரியும் முறை ஹாடிஃப். கார்பன் மேல் உட்கார்ந்த பிளாட்டினம், டைட்டானியம் ஆக்சைடு மேல் தங்கம் என்று லேசான பொருள் மேல் கனமான தனிமம் இருந்தால் இதைக் கேளுங்கள். சாதாரண டெம்மில் எது எது என்று புரியாத படம் இதில் பளிச்சென்று பிரியும்.

பிறழ்ச்சி திருத்திய டெம்: லென்ஸின் கோளாறைத் திருத்தி 0.05 நானோமீட்டர் அளவு வரை போகும் கருவி. தனித்தனி அணுவைப் பார்க்க வேண்டும், ஒற்றை அணு வினையூக்கி செய்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் இது. இதற்கும் அப்பால், எலக்ட்ரான் சிதறல் வடிவங்களை ஆயிரக்கணக்கில் பதிந்து கணினியில் படமாக்கும் டைகோகிராபி என்ற முறை இருக்கிறது. 2021-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் பிரசியோடிமியம் ஸ்கான்டேட் படிகத்தை இம்முறையில் எடுத்தபோது, அணு வெப்பத்தில் அதிர்வதால் வரும் மங்கல்தான் எல்லை என்ற அளவுக்குப் போனார்கள். நம் ஜிங்க் ஆக்சைடுக்கு அது தேவையில்லை.

எலக்ட்ரான் பட்டால் கெடும் பொருள்கள்: உலோக-கரிமச் சட்டகங்கள், பெரோவ்ஸ்கைட், சியோலைட் செய்கிறவர்கள் “குறைந்த டோஸ்” (குறைவான எலக்ட்ரான்) என்றோ “கிரயோ” (சாம்பிளைக் குளிர்வித்து எடுப்பது) என்றோ கேட்க வேண்டும். கிராபீன் என்றால் 80 கிலோவோல்ட் கேளுங்கள். 200-இல் வைத்தால் கார்பன் அணுக்களே இடம்விட்டுத் தெறித்து, துளை விழுந்த படலம்தான் படத்தில் வரும். அந்தத் துளையை நம் பொருளின் குணம் என்று எழுதிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

4. எங்கே போவது

முதலில் சொந்த வளாகத்தில் கேளுங்கள். எந்தக் கருவி இருக்கிறது என்பதைவிட எது இப்போது ஓடுகிறது என்று கேட்பது முக்கியம். அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் இருக்கும் கருவி பழுதாகி ஆறு மாதம் ஆகியிருக்கலாம். போனில் ஆபரேட்டரிடம் நேரடியாகக் கேட்டுவிட்டு அடுத்த வேலை பாருங்கள்.

வெளியே போவதென்றால் நம் ஊரிலிருந்து எளிய வழிகள் இவை. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்குச் சங்கரன்கோவில், ராஜபாளையம் வழியாகக் காலையில் கிளம்பினால் அன்றே திரும்பலாம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மத்திய ஆய்வகத்துக்கு மதுரை போய் மாற வேண்டும். கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஸ்டிக் என்ற கருவி மையத்துக்குப் பாலருவி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷன். அங்கிருந்து மெட்ரோவில் கொச்சின் யுனிவர்சிட்டி நிறுத்தம். சென்னை ஐஐடியில் சைஃப் என்ற கருவி மையம் இருக்கிறது, அதற்கு நெல்லை எக்ஸ்பிரஸ். பிறழ்ச்சி திருத்திய டெம் என்றால் பெங்களூரு. ஐஐஎஸ்சியிலும் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்திலும் டைட்டன் வகைக் கருவிகள் இருக்கின்றன.

இவை தவிர மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாடு முழுவதும் உள்ள அரசு நிதிக் கருவிகளின் பட்டியல் அதில் இருக்கிறது. கருவிப் பெயர், ஊர் கொடுத்துத் தேடி அங்கேயே ஸ்லாட் கேட்கலாம். பல மையங்கள் இப்போது விண்ணப்பத்தை இதன் வழியாகவே வாங்குகின்றன. பெங்களூரு ஐஐஎஸ்சியின் நானோ மையத்தில் ஐஎன்யுபி என்ற திட்டமும் உண்டு. சிறு ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பி, தேர்வானால் கல்வி நிறுவன மாணவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் கருவி கிடைக்கும், பயிற்சியும் கிடைக்கும். நம் பக்கத்து மாணவர்கள் இதற்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். இரண்டு பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும்.

5. தாள்கள்

இதில்தான் அதிக நாள் வீணாகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்:

வழிகாட்டியும் துறைத்தலைவரும் கையெழுத்திட்டு முத்திரை வைத்த கோரிக்கைக் கடிதம். மையத்தின் சாம்பிள் படிவம், ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனியாக. உங்கள் அடையாள அட்டை நகல், போனஃபைட் சான்றிதழ். பணம் கட்டிய ரசீது, அதில் யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்) தெளிவாகத் தெரிய வேண்டும். நச்சுப் பொருள் என்றால் பாதுகாப்புத் தாள்.

கடிதத்தில் சாம்பிள் எண்ணிக்கையும் குறியீடும் படிவத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கடிதத்தில் “ஜிங்க் ஆக்சைடு - 3” என்றும் படிவத்தில் “இசட்1, இசட்2, இசட்3” என்றும் எழுதியதற்காக என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. மறுபடி முத்திரை வாங்க ஒன்பது நாள். துறைத்தலைவர் தேர்வுப் பணிக்கு வெளியூர் போயிருந்தார். அதனால் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் அசல் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

படிவத்தில் “காந்தத்தன்மை உண்டா?” என்று ஒரு கேள்வி இருக்கும். இரும்பு ஆக்சைடு, கோபால்ட் ஃபெரைட், நிக்கல் ஃபெரைட் செய்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். தயவுசெய்து அங்கே உண்மையை எழுதுங்கள். காந்தப் பொடி கிரிடை (டெம்மில் சாம்பிளைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) விட்டுக் கிளம்பி லென்ஸின் துருவமுனையில் ஒட்டிக்கொண்டால் கருவி வாரக்கணக்கில் நின்றுபோகும். நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற நூறு பேருக்கும் அது நஷ்டம். சில மையங்கள் காந்தச் சாம்பிளை வாங்குவதே இல்லை. முன்னாலேயே போன் செய்து, ரெசினில் பதித்துக் கொடுத்தால் வாங்குவார்களா என்று கேளுங்கள்.

6. பணமும் காலமும்

கட்டணம் மூன்று அடுக்காக இருக்கும்: சொந்த மாணவர், வெளிக் கல்வி நிறுவனம், தொழில் நிறுவனம். நமக்கு நடு அடுக்கு. நான் விசாரித்த இடங்களில் செம்முக்கு ஒரு சாம்பிளுக்குச் சில நூறு முதல் இரண்டாயிரம் வரையும், டெம்முக்கு இரண்டாயிரம் முதல் ஐந்தாயிரம் வரையும் சொன்னார்கள். இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஈடாக்ஸ் (எந்தத் தனிமம் எவ்வளவு என்று எக்ஸ் கதிரால் காட்டும் சோதனை), எலக்ட்ரான் சிதறல் வடிவம், தங்கப்பூச்சு, கிரிட் இவை சில இடங்களில் கட்டணத்துக்குள் வரும், சில இடங்களில் தனி. பணம் கட்டும் முன் “மொத்தம் எவ்வளவு, இதில் என்னென்ன அடங்கும்?” என்று மின்னஞ்சலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாம்பிள் கணக்கில் வாங்கும் மையமா, மணிக் கணக்கில் வாங்கும் மையமா என்பதும் முக்கியம். நன்றாகத் தயாரித்த சாம்பிள் என்றால் மணிக் கணக்கு நமக்கு லாபம், ஒரு மணியில் இரண்டைப் பார்த்துவிடலாம். சரியாகத் தயாரிக்காத சாம்பிளுக்கு மணிக் கணக்கு பெரிய நஷ்டம்.

சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் கன்டின்ஜென்ஸி (ஆய்வுச் சில்லறைச் செலவுத் தொகை) உண்டு. கருவிக் கட்டணத்தை அதில் எழுதலாம். ரசீது உங்கள் பெயரிலும் கல்லூரி முகவரியிலும் இருக்க வேண்டும். உதவித்தொகை இல்லாதவர்கள் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்கு விண்ணப்பியுங்கள். அதற்கும் கிடைக்காதவர்கள், ஒரே துறையில் நாலு பேராகச் சேர்ந்து ஒரே நாளில் ஸ்லாட் போட்டு ஒருவரே எல்லாச் சாம்பிளையும் கொண்டுபோனால் பயணச் செலவு நாலில் ஒன்றாகும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

காலம்: விண்ணப்பித்த நாளிலிருந்து படம் கைக்கு வர இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எல்லாக் கல்லூரி எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டும் ஒரே நேரத்தில் வரும், வரிசை நீளும். மார்ச் கடைசியில் கணக்கு முடிப்பு வேறு. கேரள மையம் என்றால் ஓணத்தை ஒட்டிய வாரத்தைத் தவிருங்கள். என் கணிப்பில் ஜூன், ஜூலைதான் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் மழை. 2023 டிசம்பர் 19-ஆம் தேதி எனக்கு ஸ்லாட். 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, ரயில்கள் நின்றன. ஸ்லாட் போனது. மையத்துக்குப் போன் செய்து நிலையைச் சொன்னதும் பணத்தை அப்படியே வைத்து பிப்ரவரிக்கு மாற்றித் தந்தார்கள். ஏதாவது இடைஞ்சல் என்றால் அன்றே போன் செய்யுங்கள். ஸ்லாட் நாள் கடந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் பணம் திரும்பாது.

7. சாம்பிள் தயாரிப்பு: படத்தின் தரம் இங்கேதான் முடிவாகிறது

இலைச் சாறு, பூச்சாறு, பழச்சாறு வைத்துச் செய்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சாற்றில் உள்ள சர்க்கரையும் பிசினும் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். எலக்ட்ரான் கற்றை பட்டதும் அந்தக் கரிமப் பொருள் கரியாகப் படியத் தொடங்கும். ஃபோகஸ் செய்த இடத்திலெல்லாம் கறுப்புச் சதுரம் விழும், ஒவ்வொரு நொடியும் படம் மங்கும். என் முதல் டெம் ஸ்லாட் இப்படித்தான் முடிந்தது. இருபது நிமிடத்தில் ஆபரேட்டர் கற்றையை நிறுத்திவிட்டு, “இதை வச்சுக் கருவியை அழுக்காக்க முடியாதும்மா, கழுவிக் கொண்டுவாங்க” என்றார். அவர் சொன்னது நியாயம்.

கழுவும் முறை: சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றில் பத்து நிமிடம். மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கி மறுபடியும். தண்ணீரில் மூன்று தடவை, எத்தனாலில் இரண்டு தடவை. மேல்நீர் நிறமில்லாமல் தெளியும் வரை நிறுத்தாதீர்கள். ஆவாரம்பூ மஞ்சள் நான்காவது தடவை வரை வந்தது. பிறகு ஓவனில் 80 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். பொருள் தாங்கும் என்றால் உலையில் சுட்டு எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் சுட்டால் துகள் வளரும், அதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும்.

டெம்முக்கு: கார்பன் படலம் போர்த்திய செம்புக் கிரிட், 3 மில்லிமீட்டர் வட்டம். மையமே கிரிட் தருமா என்று கேளுங்கள். தராது என்றால் துறையில் ஒரு பெட்டி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு சிட்டிகைக்கும் குறைவான பொடியை இரண்டு மில்லி எத்தனாலில் போட்டு, பாத் சோனிகேட்டரில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கலவை, கழுநீர் மாதிரி கலங்கலாக இருந்தால் செறிவு அதிகம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலேசாக ஏதோ இருக்கிறது என்று தெரிகிற அளவு போதும். கொத்தாகத் துகள் விழுவதற்கு முதல் காரணம் இந்தச் செறிவுதான். அதில் ஐந்து மைக்ரோலிட்டர் ஒரு சொட்டு, கிரிடின் கார்பன் பக்கத்தில். எது கார்பன் பக்கம் என்று பார்க்க விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள், ஒரு பக்கம் பளபளப்புக் குறைவாக, கறுத்துத் தெரியும். கிரிடை விளிம்பில் மட்டும் இடுக்கியால் பிடிக்க வேண்டும். மூடிய பெட்ரி தட்டில் ஒரு இரவு உலரட்டும். ஃபேன் காற்றில் உலர்த்தாதீர்கள், தூசி விழும்.

உங்கள் பொருளிலேயே செம்பு இருக்கிறதா? அப்படியானால் செம்புக் கிரிட் வேண்டாம். ஈடாக்ஸில் வரும் செம்பு உங்கள் செம்பா, கிரிட் செம்பா என்று யாராலும் சொல்ல முடியாது. நிக்கல் அல்லது தங்கக் கிரிட் கேளுங்கள்.

செம்முக்கு: பத்து இருபது மில்லிகிராம் உலர்ந்த பொடி போதும். அவர்களே கார்பன் டேப்பில் ஒட்டித் தங்கம் பூசுவார்கள். இங்கே மூன்று பொறி இருக்கிறது.

முதல் பொறி, தங்கப்பூச்சே சிறு மணிகளாக உட்காரும். ஒரு லட்சம் மடங்குக்கு மேல் பெருக்கினால் அந்த மணிகள் தெரியும். அவற்றை “10 நானோமீட்டர் துகள்கள்” என்று எழுதிய கட்டுரை வரைவுகளை நானே பார்த்திருக்கிறேன். பூச்சு எத்தனை நொடி, எத்தனை நானோமீட்டர் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாவது, ஈடாக்ஸில் தங்கத்தின் உச்சி 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். பாஸ்பரஸ் 2.01, கந்தகம் 2.31. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சிறிதளவு பாஸ்பரஸோ கந்தகமோ இருந்தால் தங்கம் அதை மறைத்துவிடும். சல்ஃபைடு, பாஸ்பேட் செய்கிறவர்கள் கார்பன் பூச்சுக் கேளுங்கள்.

மூன்றாவது பொறியில் நானே விழுந்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு ஜிங்க் ஆக்சைடு செய்கிறவர்கள் எல்லாரும் விழக்கூடியது. ஈடாக்ஸில் துத்தநாகத்தின் (ஜிங்க்) எல் கோடு 1.01, சோடியத்தின் கே கோடு 1.04. இரண்டும் ஒரே மேட்டுக்குள் அடங்கிவிடும். மென்பொருள் தானாகப் பெயர் போடும்போது சோடியம் இருப்பதாகச் சொல்லும், இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் காட்டாமல் போகலாம். ஆய்விதழ் நடுவர் “சோடியம் முழுக்கப் போய்விட்டதா?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஈடாக்ஸை 20 கிலோவோல்ட்டில் எடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகத்தின் கே கோடு 8.64-இல் தனியாக வரும், அதை வைத்துத் துத்தநாகத்தைக் கணக்கிடலாம். சோடியத்துக்கு வேறு சோதனைதான் வழி. கார்பன் டேப்பில் ஒட்டிய சாம்பிளில் கார்பன் சதவீதத்தை நம்பாதீர்கள். 20 கிலோவோல்ட்டில் ஈடாக்ஸ் தகவல் ஒரு மைக்ரோமீட்டர் அளவு பரப்பிலிருந்து வருகிறது. “இந்த ஒரு நானோ துகளின் கலவை” என்று அதை எழுதக் கூடாது.

8. அனுப்புவதும் கொண்டுபோவதும்

முடிந்தவரை நேரில் போங்கள். முதல் தடவை கட்டாயம் நேரில். எந்தப் பகுதியைப் படம் எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதும், “இந்தக் கொத்து வேண்டாம், ஓரத்தில் தனியாக நிற்கிறதே, அது” என்று சொல்வதும் ஐந்து மணி நேரப் படிப்புக்குச் சமம்.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் உலர்ந்த பொடியாக அனுப்புங்கள். எத்தனாலில் கலந்து திரவமாக அனுப்பாதீர்கள், எரியும் திரவத்தைத் தபாலிலும் கூரியரிலும் ஏற்க மாட்டார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கூரியர் கடை அண்ணாச்சி என் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “வெள்ளைப் பொடியாம்மா? என்னன்னு மேலே எழுதி, காலேஜ் லெட்டர் ஒண்ணு ஒட்டுங்க. இல்லைன்னா வழியிலே நிறுத்திருவாங்க” என்றார். அவர் சொன்னபடியே இப்போதும் செய்கிறேன். நான் அனுப்புவது பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்திலிருந்து ஸ்பீட் போஸ்டில்.

சின்னக் குப்பிகளில் போட்டு மூடியைப் பாராஃபிலிம் சுற்றி, சிலிக்கா ஜெல் பையுடன் ஜிப் கவரில் வையுங்கள். குப்பியில் மார்க்கரால் எழுதினால் எத்தனால் ஒரு சொட்டுப் பட்டாலே அழிந்துவிடும். பென்சிலில் எழுதிய தாளை ஒட்டி மேலே செல்லோ டேப் போடுங்கள். பெயர் அழிந்த நாலு குப்பிகளில் எது எது என்று தெரியாமல் நாலையும் திரும்பச் செய்த தோழி எங்கள் துறையில் இருக்கிறாள்.

இரவு ரயிலில் தனியாகப் போகும் மாணவிகளுக்கு: மையத்தின் விருந்தினர் விடுதியில் இடம் உண்டா என்று ஸ்லாட் கேட்கும்போதே கேட்டு, அதே கடிதத்தில் எழுதுங்கள். பல வளாகங்களில் தருகிறார்கள்.

9. கருவி முன்னால் உட்கார்ந்ததும்

ஆபரேட்டரிடம் உங்கள் ஒரு வரிக் கேள்வியைக் காட்டுங்கள். பொருள் என்ன, எதிர்பார்க்கும் அளவு என்ன, எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர்ச் சிதறலால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுத்தாயிற்றா என்று அவர் கேட்பார். எக்ஸ்ஆர்டி பிரதி கையில் இருக்கட்டும்.

முதலில் குறைந்த பெருக்கத்தில் கிரிடின் நாலைந்து இடங்கள். அப்புறம் நடுத்தரப் பெருக்கத்தில், அளவு எண்ணுவதற்குத் தனித்தனியாகப் பிரிந்த துகள்கள் கொண்ட பத்துப் படமாவது. அதன் பிறகுதான் அணுத்தளக் கோடுகள். எல்லாரும் நேராகக் கோடுகளுக்குப் போய் நேரத்தைக் கரைத்துவிட்டு, அளவு எண்ணப் படம் இல்லாமல் திரும்புகிறார்கள். ஜிங்க் ஆக்சைடு என்றால் 0.281, 0.260, 0.248 நானோமீட்டர் என்ற மூன்று இடைவெளிகளை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், திரையில் அளக்கும்போதே இது எந்தத் தளம் என்று தெரிந்துவிடும். உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு சீட்டு வேண்டும். கடைசியாக எலக்ட்ரான் சிதறல் வடிவம். புள்ளியாக வந்தால் ஒற்றைப் படிகம், வளையமாக வந்தால் பல படிகம்.

கிளம்பும் முன் மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். வேர்டில் ஒட்டிய படம் போதாது. டெம் என்றால் டிஎம்3 அல்லது டிஎம்4, செம் என்றால் கீழே தகவல் பட்டை உள்ள டிஃப் கோப்பு. வைரஸ் பயத்தால் பல இடங்களில் பென்டிரைவ் அனுமதி இல்லை. புது சிடி ஒன்று கொண்டுபோங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

10. இடைத்தரகர்களைப் பற்றி

“சாம்பிளைக் குடுங்க, செம், டெம், எக்ஸ்ஆர்டி எல்லாம் பத்து நாளில் வாங்கித் தருகிறோம்” என்று ஆட்கள் வருவார்கள். அவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. நான் ஒருவரிடம் பணம் கொடுத்தேன். அழகான படங்கள் வந்தன. மகிழ்ச்சியாக வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் படத்தின் கீழே இருந்த தகவல் பட்டையைப் பெரிதாக்கி, தேதியைக் காட்டினார். நான் அந்தச் சாம்பிளைச் செய்வதற்கு நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. யாருடைய துகளோ அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் என் பெயரில் அச்சாகியிருக்கும், என்றாவது ஒருநாள் அசல் ஆள் பார்த்திருப்பார். பட்டமும் போயிருக்கும், மானமும் போயிருக்கும்.

மூன்றாம் ஆள் வழியாகத்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால், எந்த மையம், எந்தக் கருவி, எந்தத் தேதி என்பதையும் மூலக் கோப்பையும் மையத்தின் ரசீது நகலையும் கேளுங்கள். தர மறுத்தால் சாம்பிளைக் கொடுக்காதீர்கள்.

11. படம் கைக்கு வந்த பிறகு

அளவெடுக்க இமேஜ்ஜே மென்பொருள் போதும், இலவசம். டிஎம்3 கோப்பைத் திறக்க அதற்குக் கூடுதல் நிரல் (பிளகின்) உண்டு. முதலில் படத்தின் அளவுகோட்டின் மேல் கோடு இழுத்து அளவைப் பதியுங்கள். பிறகு குறைந்தது 200 துகள்கள், பல படங்களிலிருந்து. அழகாக உருண்டையாக இருப்பதை மட்டும் பொறுக்காமல், படத்தின் இடது மூலையிலிருந்து வரிசையாக எண்ணுங்கள். சராசரியோடு விலக்கத்தையும் எழுதுங்கள். “ஒரு லட்சம் மடங்கு” என்று எழுதுவதில் பொருள் இல்லை, போனில் பெரிதாக்கினாலே அது மாறிவிடும். அளவுகோடுதான் உண்மை. அதை மறுபடி வரைந்தால் எண் தெளிவாக இருக்கட்டும்.

எக்ஸ்ஆர்டியில் ஷெரர் சமன்பாட்டில் 22 நானோமீட்டர் வந்தது, டெம்மில் 45 வந்தது என்று பயப்படாதீர்கள். முன்னது படிகத்தின் அளவு, பின்னது துகளின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம். இரண்டும் சமமாக வர வேண்டும் என்று எண்ணைத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம், மாறுபாட்டைப் படம் முழுக்க ஒரே மாதிரி மாற்றலாம். ஒரு பகுதியை மட்டும் துடைப்பது, துகளை வெட்டி ஒட்டுவது கூடாது. இரைச்சல் நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தினால் அதைக் கட்டுரையில் சொல்லுங்கள், மூலப்படத்தையும் துணைக் கோப்பாகக் கொடுங்கள். இல்லாத அணுத்தளக் கோட்டை அவை வரைந்துவிடக் கூடும்.

பார்த்து முடித்த கிரிடைக் கேட்டு வாங்கிக் கிரிட் பெட்டியில் வையுங்கள். எந்தக் குழியில் எந்தச் சாம்பிள், எந்தத் தேதி, எந்த மையம் என்று நோட்டிலும் பெட்டி மூடியிலும் எழுதி, சிலிக்கா ஜெல்லோடு டெசிகேட்டருக்குள் வையுங்கள். மிச்சப் பொடியும் அங்கேயே இருக்கட்டும். எனக்கு நடுவர் இன்னொரு படம் கேட்டது, கட்டுரை அனுப்பி எட்டு மாதம் கழித்து.